இரட்சிப்புக்கு நன்றி: எதைச் செலுத்துவது, யாருக்கு?

1788 ஜனவரி 26 அன்று கைதிகளை ஏற்றிவந்த பிரிட்டனின் முதல் கப்பற்படை சிட்னித் துறையில் நங்கூரம் பாய்ச்சியது. எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை, மரத்தடியில் காலனியின் முதல் ஆராதனை நடந்தது. படையோடு வந்திருந்த குரு ரிச்சர்ட் ஜான்சன் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டது 116ஆம் சங்கீதத்தின் 12ஆம் வசனம். கர்த்தர் தனக்குச் செய்த நன்மைகள் அத்தனைக்கும் ஈடாக எதைக் கொடுக்க முடியும் என்று ஒருவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் வசனம் அது. பிரசங்கத்தின் உரை நமக்குக் கிடைக்கவில்லை. வசனம் மட்டும் கிடைத்திருக்கிறது.

தமிழ்ச் சபைகளுக்கு அது மிகவும் நெருக்கமான வசனம். ஸ்தோத்திரக் காணிக்கை எடுக்கும்போது, பொருத்தனை நிறைவேற்றும்போது, டிசம்பர் 31 இரவு ஆராதனையில், பிறந்தநாள் ஜெபத்தில் என்று அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். சிட்னியிலும் மெல்பர்னிலும் வாடகை மண்டபங்களிலோ மாலை நேரத்தில் கிடைக்கும் ஆங்கிலச் சபைக் கட்டடங்களிலோ கூடும் தமிழர்களும் அதை அதே பழக்கத்தோடு சொல்கிறார்கள். அதனாலேயே அந்த வசனம் எழுப்பும் கேள்வியை இங்கே வைத்துச் சோதித்துப் பார்ப்பது பொருத்தமாகப் படுகிறது. இரட்சிப்புக்குச் செலுத்தும் நன்றி ஒரு கடனா? கடன் என்றால் யாருக்கு? கடன் இல்லையென்றால், கிறிஸ்தவன் நன்றாக வாழ வேண்டும் என்பதற்கு எஞ்சியிருக்கும் காரணம் என்ன?

முதலில் ஜான்சனின் சபையைப் பார்ப்போம். அங்கே கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கைதிகள். பலர் சிறு திருட்டுகளுக்காக உலகின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டவர்கள். எட்டு மாதத்துக்கு மேல் கப்பலில் கிடந்து கரையேறியவர்கள். விரும்பி வந்து உட்கார்ந்தவர்கள் இல்லை, வரவழைக்கப்பட்டவர்கள். அவர்கள் முன்னால் வாசிக்கப்பட்ட சங்கீதமோ, நான்கு வசனம் தள்ளி, தன் கட்டுகளை அவிழ்த்துவிட்டதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறது. கட்டு அவிழாதவர்களிடம் கட்டு அவிழ்ந்தவனின் நன்றியைக் கேட்பது எத்தனை கடினமான காரியம் என்பதை ஜான்சன் உணர்ந்தாரா என்று சொல்ல வழியில்லை. ஆனால் அவர் நல்ல மனிதர் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1790இல் இரண்டாம் கப்பற்படை நோயாளிகளையும் பிணங்களையும் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தபோது, சர்ப்ரைஸ் என்ற கப்பலின் அடித்தட்டில் நாற்றமும் சாவும் மண்டிக் கிடந்த இடத்துக்குள் இறங்கிப் போய்க் கைதிகளைப் பார்த்தவர் அவர். அரசு கோயில் கட்டித் தராததால் 1793இல் தன் கைப்பணத்தில், மண்ணும் கழியும் ஓலையும் வைத்துத் தானே ஒரு கோயிலைக் கட்டினார்.

அந்தக் கோயில் 1798 அக்டோபர் 1 அன்று எரிந்துபோனது. அதற்குச் சற்று முன்புதான் ஆளுநர் ஹண்டர், எல்லோரும் ஞாயிறு ஆராதனைக்கு வர வேண்டும் என்ற உத்தரவைக் கடுமையாக்கியிருந்தார். அந்த எரிச்சலில் யாரோ தீ வைத்தார்கள் என்றே அன்றைய அதிகாரிகள் கருதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளிலும், ஆராதனைக்கு வராத கைதியின் வாரப் படியிலிருந்து இறைச்சியைக் குறைக்கும் உத்தரவு இருந்தது. சோற்றை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டி வாங்கிய ஸ்தோத்திரம், கடைசியில் கோயிலையே கொளுத்தியது. இந்தப் பழியை ஜான்சன் தலையில் மட்டும் போட மாட்டேன். நன்றியை உத்தரவாகவும் ரேஷனாகவும் மாற்றிய அரசுக்குத்தான் அதில் பெரும்பங்கு. ஆனால் அவருடைய வசனத்தை எப்படித் தவறாகக் கேட்க முடியும் என்பதை இந்தக் கதை போலத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

தமிழ்க் காதுக்கு இந்தத் தவறு இன்னும் எளிது. நமக்கு நன்றி என்பது அறங்களில் தலையாயது. வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். எந்தப் பாவத்துக்கும் தப்ப வழி உண்டு, நன்றி கொன்றவனுக்கு மட்டும் இல்லை என்று அந்த அதிகாரத்தை முடிக்கிறார். கம்பனின் கும்பகர்ணன், அண்ணன் செய்வது அநியாயம் என்று நன்கு தெரிந்தும், தன்னை வளர்த்துப் போர்க்கோலம் பூட்டிய ராவணனுக்காக உயிரைக் கொடுக்கப் போகிறான். கர்ணன் துரியோதனன் பக்கம் நின்று மடிகிறான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் போற்றுவது இதைத்தான். இந்தக் கதைகளைக் கேட்டுக் கண் கலங்காத தமிழன் இல்லை. ஆனால் அவற்றில் நன்றி எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது என்று கவனியுங்கள். கொடுத்தவன் பக்கம். அவன் செய்வது நியாயமா என்று கேட்கவே இடமில்லாத ஒரு பக்கம். இந்த மனத்தோடு கோயிலுக்குள் நுழைகிறவன் இரட்சிப்பையும் செஞ்சோறாகவே எடுத்துக்கொள்கிறான். பிறகு கர்த்தரின் இடத்தில் போதகரோ, சபையோ, மிஷன் நிறுவனமோ வந்து உட்கார்ந்துகொள்வது மிகச் சுலபம். இவ்வளவு செய்தோமே, எங்களை எதிர்த்துப் பேசலாமா என்ற குரல் எத்தனை சபைக் கமிட்டிகளில் ஒலித்திருக்கிறது!

சங்கீதக்காரன் அந்த வழியில் போகவில்லை. எதைத் திருப்பிக் கொடுப்பேன் என்று கேட்டவன், அடுத்த வசனத்தில் எதையும் கொடுக்கவில்லை. இரட்சிப்பின் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொள்வேன், கர்த்தரைக் கூப்பிடுவேன் என்கிறான். கொடுக்கப் போனவன் மறுபடியும் வாங்கிக்கொள்கிறான். பட்ட கடனுக்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் பெற்றுக்கொள்வதுதான் அவன் கண்ட பதில். யூதர்கள் பஸ்கா இரவில் பாடும் சங்கீதங்களில் இதுவும் ஒன்று. இயேசு தம் கடைசி இரவில், பாத்திரத்தைச் சீஷர்களுக்குக் கொடுத்த பிறகு, அவர்களோடு பாடிக்கொண்டு புறப்பட்டதாக மாற்கு எழுதுகிறபோது, அந்தப் பாட்டு இந்த வரிசையைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்பது வேத அறிஞர்கள் பலரின் கருத்து. பொருத்தனையைச் செலுத்துவேன் என்றும் சங்கீதக்காரன் சொல்லத்தான் செய்கிறான். ஆனால் அது பாத்திரத்துக்குப் பின்னால் வருகிறது. அதையும் ஜனங்கள் எல்லோருடைய முன்னிலையிலும் செய்கிறான்.

சுவிசேஷம் இன்னொரு அடி மேலே போகிறது. குணமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான், அதுவும் ஒரு சமாரியன், திரும்பி வந்து நன்றி சொன்னான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு வருத்தத்தோடு கேட்டார். ஆனால் அந்த ஒன்பது பேரின் தோலில் குஷ்டம் திரும்பி வந்ததாக லூக்கா எழுதவில்லை. இந்த இடத்தில் நான் வள்ளுவரைவிட்டு லூக்காவோடு போகிறேன். நன்றி கொன்றவனுக்கும் உய்வு உண்டு என்பதுதான் கிருபை. அப்படி இல்லையென்றால், அதைக் கூலி என்றே அழைக்க வேண்டும்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் வரும் உவமையை நாம் வழக்கமாக மன்னிப்பைப் பற்றியதாகவே வாசிக்கிறோம். நன்றியைப் பற்றியதாக வாசித்தால் அது இன்னும் கூர்மையாகிறது. பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் ராஜாவின் காலில் விழுந்து, பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன் என்கிறான். எத்தனை பிறவி எடுத்தாலும் அடைக்க முடியாத தொகை அது. ராஜா தவணை கொடுக்கவில்லை, கடனையே தள்ளுபடி செய்துவிட்டார். வெளியே வந்தவன் நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன் வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஏன்? தன் கடன் தீர்ந்தது என்று அவன் நம்பவில்லை என்பதே என் வாசிப்பு. தீர்க்கிறேன் என்று சொன்ன வாக்கிலேயே அவன் மனம் நிற்கிறது. அதனால் வசூலுக்குக் கிளம்பிவிட்டான். கடவுளுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்று எண்ணி வாழும் விசுவாசி எப்படித் தன் பிள்ளைகளிடமும் மருமகளிடமும் சபையாரிடமும் கணக்குக் கேட்கிறவனாக மாறுகிறான் என்பதைப் பக்திமிக்க வீடுகளில் வளர்ந்தவர்கள் அறிவார்கள்.

மறுபக்கத்தின் வாதத்தையும் அதன் முழுப் பலத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். கடன் இல்லை என்று சொல்லிவிட்டால் கிருபை மலிந்துபோகும் என்று 1937இல் ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர் எச்சரித்தார். பின்பற்றுதலே கேட்காத கிருபை மனிதனை அவன் இருந்த இடத்திலேயே விட்டுவிடும் என்பது அவருடைய கவலை. 1563இல் எழுந்த ஹைடல்பெர்க் வினாவிடை கிறிஸ்தவ வாழ்வை மூன்றாகப் பிரித்தது: மனிதனின் அவலம், மீட்பு, நன்றி. பத்துக் கட்டளைகளையும் ஜெபத்தையும் அது நன்றியின் கீழேதான் வைக்கிறது. அதாவது கீழ்ப்படிதல் முழுவதற்கும் ஆதாரம் நன்றி. எதிர்த்திசையில் அமெரிக்கப் போதகர் ஜான் பைப்பர் 1995இல், நன்றியை ஆதாரமாக்கினால் அது கடனாளியின் அறமாகிவிடும், கிறிஸ்தவன் எதிர்காலக் கிருபையை நம்பியே வாழ வேண்டும் என்று வாதிட்டார். புதிய ஏற்பாட்டு அறிஞர் ஜான் பார்க்ளே 2015இல் வெளியிட்ட பவுலைப் பற்றிய பெரிய நூலில், தகுதி பாராமல் கொடுக்கப்பட்ட கிருபை, பெற்றவனிடம் ஒன்றையும் எதிர்பார்க்காத கிருபை ஆகிவிடாது என்று காட்டினார். பவுலின் காலத்தில் பரிசு என்பது உறவை உண்டாக்குவது, உறவு பதிலை எதிர்பார்ப்பது. இந்த வாதங்களில் பார்க்ளேயினுடையது வலுவானது என்பது என் கருத்து. பைப்பர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார், ஆனால் நன்றியையே ஓரங்கட்டிவிட்டார்.

போன்ஹோஃபரின் அச்சத்துக்குச் சாட்சி ஜான்சனின் பக்கத்திலேயே இருக்கிறது. அவரை இந்தக் காலனிக்குக் குருவாக அனுப்பிவைத்ததில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸுடன் சேர்ந்து பங்கு வகித்தவர் ஜான் நியூட்டன். 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதியவர். இரட்சிப்புக்கு நன்றி என்றாலே கிறிஸ்தவ உலகம் நினைப்பது அந்தப் பாட்டைத்தான். 1748இல் புயலில் சிக்கிய கப்பலில் நியூட்டன் கடவுளை நோக்கித் திரும்பினார். அந்த நாளை ஆயுள் முழுதும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அதன் பிறகும் ஆறு ஆண்டுகள், கப்பல் தலைவராக உயர்ந்து, ஆப்பிரிக்கர்களை விலங்கு பூட்டி அடிமைகளாக ஏற்றிச் சென்றார். 1754இல் கடல் தொழிலை விட்டதற்கும் காரணம் உடல்நலக் குறைவு, மனச்சாட்சி இல்லை. அந்த வியாபாரத்தைக் கண்டித்து அவர் வெளிப்படையாக ஒரு சிறுநூல் எழுதியது 1788இல், ஜான்சன் சிட்னியில் அந்த வசனத்தைப் பிரசங்கித்த அதே ஆண்டில். நன்றி உணர்வு தோன்றி நாற்பது ஆண்டு கழித்து! அவருடைய நன்றி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அது உண்மையாக இருந்ததுதான் நம்மைத் திடுக்கிட வைக்க வேண்டும். கண்ணீர் மல்கும் உண்மையான நன்றியும், கப்பலின் அடித்தட்டில் கிடப்பவனைப் பார்க்காமலே நாற்பது ஆண்டு வாழ முடியும்.

இதே கேள்வி சிட்னி மரத்தடிக்கும் பொருந்தும். அந்த மரம் நின்ற மண் காடிகல் மக்களுடையது. கடவுள் தந்த நன்மைகளுக்கு நன்றி சொன்னபோது, அவர்களிடமிருந்து எடுத்ததும் அந்த நன்மைகளில் சேர்ந்துவிட்டது. ஓராண்டு கழித்து, 1789இல், அம்மை நோய் அந்தப் பகுதியின் ஆதிக்குடிகளைக் கூட்டங்கூட்டமாகச் சாய்த்தது. நோயோடு கொண்டுவரப்பட்ட பூரோங் என்ற சிறுமியை ஜான்சனும் மனைவி மேரியும் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மறு ஆண்டு பிறந்த தங்கள் மகளுக்கு மில்பா என்று அந்த மண்ணின் பெயரை வைத்தார்கள். பிரசங்கத்தைவிட இந்தச் செயலில்தான் 12ஆம் வசனத்துக்கு ஜான்சன் நல்ல விடை சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனாலும் மண் திரும்பக் கொடுக்கப்படவில்லை. இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தீரே என்று ஸ்தோத்திரம் செலுத்தும் குடியேறிகளான நாமும் அந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

இனிப் பவுலிடம் போகலாம். ரோமருக்கு எழுதும் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் அவர் தன்னைக் கடனாளி என்றே அழைக்கிறார். யாருக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கிரேக்கருக்கும் மற்ற அந்நியருக்கும், கற்றவர்களுக்கும் கல்லாதவர்களுக்கும் என்கிறார். வாங்கியது கிறிஸ்துவிடம். கடன்பட்டதோ தனக்கு ஒன்றுமே தந்திராத மனிதர்களிடம். இதுதான் இந்தக் கேள்வியின் முடிச்சை அவிழ்க்கும் இடம். நன்றி ஒரு கடன்தான், ஆனால் அதை வசூலிக்கும் உரிமை கொடுத்தவருக்கு உள்ளதாக வேதம் பேசவில்லை. அந்தக் கடன் பக்கத்தில் நிற்பவனுக்குப் போக வேண்டியது.

இதை நன்கு புரிந்துகொண்ட தமிழர் ஒருவர் உண்டு. வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா. 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அமெரிக்க மிஷனரிகளிடம் சுவிசேஷத்தைப் பெற்ற அங்குள்ள தமிழர்கள் தாங்களே சொந்தப் பணத்தில் ஊழியம் நடத்துவதைக் கண்டார். திருநெல்வேலிச் சபை ஏன் இன்னும் வாங்கிக்கொண்டே இருக்கிறது என்ற கேள்வி அவரை உறுத்தியது. மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. மாநிலம் தாண்டி, மொழி தாண்டித் தெலுங்கு மக்களிடம் போனது. அந்தச் செலவில் கைப்பிடி அரிசிக் காணிக்கை வைத்த கிராமத்துப் பெண்களின் பங்கும் உண்டு. 1910இல் எடின்பரோ மாநாட்டில் அசரியா மிஷனரிகளின் தியாகத்தை இந்தியச் சபை என்றென்றும் நன்றியோடு நினைக்கும் என்று சொல்லிவிட்டு, ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டார். அரங்கில் பலருக்கு அது கசந்தது. நன்றி உள்ளவன் நிமிர்ந்து நின்று சமத்துவம் கேட்க முடியும் என்பதை அங்கே அவர் நிறுவினார். கும்பகர்ணனால் முடியாதது அது. இரண்டு ஆண்டில் அவர் தோர்ணக்கல்லின் பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர்.

சிட்னியில் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்க ஒருவர் கிடைக்கிறார். ஆர்தர் ஸ்டேஸ், குடிகாரக் குடும்பத்தில் பிறந்து, தானும் குடியில் விழுந்து, முதல் உலகப் போரிலிருந்து திரும்பி, பொருளாதார வீழ்ச்சியில் தெருவில் அலைந்தவர். 1930 ஆகஸ்டில், பிராட்வே புனித பர்னபா ஆலயத்தில் தேநீரும் கேக்கும் கிடைக்கும் என்று போனார். பிரசங்கத்தைக் கேட்டால்தான் தேநீர். பிரசங்கித்தவர் ஆர். பி. எஸ். ஹாமண்ட். அன்று குடியை விட்டார். 1932இல் இன்னொரு பிரசங்கம் கேட்ட பிறகு, விடிகாலைகளில் சிட்னியின் நடைபாதைகளில் 'நித்தியம்' என்ற பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லைச் சுண்ணக்கட்டியால் எழுதத் தொடங்கி, 1967இல் சாகும்வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் முறை எழுதினார் என்கிறார்கள். யார் எழுதுவது என்பது 1956வரை ஊருக்குத் தெரியாது. 2000ஆம் ஆண்டு பிறந்த இரவில் அந்தச் சொல் துறைமுகப் பாலத்தில் ஒளிர்ந்தது.

ஸ்டேஸின் நன்றியில் பெருமை துளியும் இல்லை. பெயரோ காசோ கேட்காத நன்றி அது, அதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் தீர்ப்பு என்று வந்தால் ஹாமண்டின் பக்கம்தான் நிற்பேன். அதே 1932இல் அவர், வேலையிழந்து வாடகை கட்ட முடியாமல் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட பிள்ளைக்காரக் குடும்பங்களுக்காகச் சிட்னிக்கு வெளியே நிலம் வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். சிறு தவணை கட்டி அவர்கள் அந்த வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். ஹாமண்ட்வில் என்ற அந்த ஊர் ஐந்தாறு ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளாக வளர்ந்தது. ஸ்டேஸ் தம் கடைசி மூச்சை விட்டதும் அங்கிருந்த முதியோர் இல்லத்தில்தான். பாலத்தில் ஏற்றிக் கொண்டாட ஒரு சொல் வசதியாக இருந்தது. கூரை இல்லாதவனுக்குக் கூரை போட்ட நன்றியை எந்த வாணவேடிக்கையும் கொண்டாடவில்லை.

நம் சபைகளுக்கு வருகிறேன். சிட்னியிலும் மெல்பர்னிலும் சாட்சி நேரத்தில் எழுந்து நிற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது, வீடு வாங்கினோம், பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தது என்பதே. இவற்றுக்கு நன்றி சொல்வதில் குறையே இல்லை. போரையும் வறுமையையும் கடந்து வந்தவர்களுக்கு ஒரு விசாத் தாள் எத்தனை பெரிய விடுதலை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் இரட்சிப்பும் விசாவும் ஒரே மூச்சில் சொல்லப்படும்போது, விசா வராதவனின் செவியில் என்ன விழுகிறது? 2024இல் மெல்பர்ன் டாக்லாண்ட்ஸில் உள்துறை அலுவலகத்தின் முன்னால், பத்தாண்டுக்கும் மேலாக நிரந்தர விசா இல்லாமல் தவிக்கும் அகதிகள் 100 நாளுக்கு மேல் கூடாரம் அடித்துப் போராடினார்கள். அவர்களில் ஈழத்தமிழர் பலர். பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியோடு வாழும் அத்தகையவர்கள் நம் ஆராதனைகளின் பின்வரிசையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்வரிசைச் சாட்சி அவர்களுக்கு, உன் ஜெபம் கேட்கப்படவில்லை என்ற அறிவிப்பாகவே ஒலிக்கும். ஆயிரம் ஸ்தோத்திரப் பலிகளை வரிசையாகச் சொல்லும் வழக்கம் நமக்கு உண்டு. அதில் எண்ணிக்கை மட்டும் வளர்ந்து, பின்வரிசை கண்ணில் படவில்லை என்றால், நியூட்டனின் நாற்பது ஆண்டுகளை நாமும் வாழ்கிறோம் என்றே பொருள்.

ஆகவே என் தீர்ப்பு இது. இரட்சிப்புக்கு நன்றியைக் கடவுளுக்கோ அவர் பெயரால் பேசுகிறவர்களுக்கோ அடைக்க வேண்டிய பாக்கியாகக் கற்பிக்கும் போதனை வேதத்துக்கு ஒவ்வாதது. அடுத்தவனைத் தேடிப் போகாத நன்றி, எத்தனை உருக்கமாக இருந்தாலும், இன்னும் தொடங்கவில்லை.

இதைப் படிக்கும் சபைக் கமிட்டி உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் பாதியை, விசா இல்லாத குடும்பங்களின் வாடகைக்கும் வக்கீல் செலவுக்கும் ஒதுக்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள். வாங்குகிறவர் சபைக்கு வருகிறாரா, ஞானஸ்நானம் பெற்றவரா என்று கேட்காமல் கொடுங்கள். சாட்சி நேரத்தில், இன்னும் பதில் வராதவர்களுக்கும் பேச இடம் கொடுங்கள்.